மொய் நோட்டும் ஆளுநர் நாற்காலியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. கோயிலுக்குக் கொடுப்பது ஒரு வகை. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது மற்றொரு வகை. கோயிலுக்குக் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி, ஊரார் அனைவரும் காணும்படி சுவரில் பதிக்கிறோம். மொய் எழுதியவர் பெயரை நோட்டில் குறித்து, பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். கல்லில் வெட்டிய பணம் திரும்பி வருவதில்லை. நோட்டில் எழுதிய பணமோ திரும்பி வந்தே தீர வேண்டும். அதுவும் கொஞ்சம் கூட்டியே வர வேண்டும். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால், தேர்தலில் நிற்பவருக்குக் கொடுக்கும் நன்கொடை எந்த வகை? அது கல்வெட்டா, மொய் நோட்டா? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நாடு ஐம்பது ஆண்டுகளாக விடை தேடிக் கொண்டிருக்கிறது. அந்தத் தேடலில் மாநில ஆளுநர்கள் படும் பாடு ஒரு தனிக் கதை. அதைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஒளியின் முறிவையும் ஓமின் விதியையும் படிக்க வேண்டியவனுக்கு அமெரிக்க அரசியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் பத்திரிகைகளில் எல்லாம் துளசேந்திரபுரம் என்ற சிற்றூரின் பெயர் அடிபட்டது நினைவிருக்கும். மன்னார்குடிக்கு அருகில் உள்ள அந்த ஊர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிஸ் அவர்களின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர். விடுதி நண்பர்கள் மூவருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய் அதைப் பார்த்து வந்தேன். அங்குள்ள தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர்கள் பொறித்த கல்லில் அவர் பெயரும் இருக்கிறது. பாட்டனாரின் பெயரும் இருக்கிறது.

அதே வாரத்தில் நம் கல்லூரி நூலகத்தில் ஆங்கில நாளிதழைப் புரட்டிய போது ஒரு சிறு செய்தி கண்ணில் பட்டது. ஹாரிஸ் தமக்குத் துணையாக, துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு, மின்னசோட்டா மாநில ஆளுநர் டிம் வால்ஸ் அவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வால்ஸ் ஆளுநராக இருப்பதால், சில நிதி நிறுவனங்களின் உயர் அலுவலர்கள் அந்த இணைக்கு 350 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தால் அவர்கள் நிறுவனத்துக்கு இடையூறு வரும் என்பது செய்தி. எதிரணியின் துணை வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் அப்போது செனட்டர். அவரால் அவரது அணிக்கு அந்தத் தடை வரவில்லை.

ஒரே பதவிக்குப் போட்டி. ஒருவருக்குத் தடை, ஒருவருக்கு இல்லை. ஏன்? இந்த ஏன்தான் என்னைப் பிடித்துக் கொண்டது.

ஆளுநர் என்பவர் யார்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் நாட்டில் ஆளுநர் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஆளுநர்கள் மக்களின் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். நம் முதலமைச்சரைப் போல மாநில நிர்வாகத்தை நடத்துபவர்கள் அவர்கள்தாம். ஒரு மாநிலத்தை ஆண்டவர் ஒரு நாட்டை ஆள விரும்புவது இயற்கையே.

அந்த விருப்பம் வெற்றியும் பெற்றிருக்கிறது. 1976 முதல் 2004 வரை நடந்த எட்டுத் தேர்தல்களில் ஏழில் ஆளுநராக இருந்தவர்களே வென்றார்கள். ஜார்ஜியாவின் கார்ட்டர், கலிபோர்னியாவின் ரீகன், ஆர்கன்சாவின் கிளின்டன், டெக்சாசின் இளைய புஷ் என்று நால்வர். இவர்களில் கிளின்டன் 1992இலும் புஷ் 2000இலும் ஆளுநர் பதவியில் இருந்தபடியே வென்றவர்கள். அதன் பின்னர் ஓர் ஆளுநர் கூட வெள்ளை மாளிகைக்குப் போகவில்லை. இதற்குத் தொலைக்காட்சி, கட்சி அரசியல் எனப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பண விதிகளே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விதிகள் செனட்டருக்கு ஒரு பாதையும் ஆளுநருக்கு ஒரு பாதையும் போட்டிருக்கின்றன என்பது உண்மை.

இரண்டு பெட்டிகள்

முதல் விதி இது. மாநிலப் பதவிக்காகத் திரட்டிய தேர்தல் நிதியை நாட்டுப் பதவிக்கான தேர்தல் கணக்குக்கு மாற்றக் கூடாது. 1993 முதல் அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் இதைக் கண்டிப்பாகத் தடுத்து வருகிறது. செனட்டர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. செனட் தேர்தல் நிதியும் குடியரசுத் தலைவர் தேர்தல் நிதியும் மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு மாற்றிக் கொள்ளலாம்.

2019ஆம் ஆண்டில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. மாசசூசெட்ஸ் செனட்டர் எலிசபெத் வாரன் தமது செனட் கணக்கிலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் எடுத்துக் கொண்டு களத்தில் இறங்கினார். மான்டானா மாநிலத்தின் ஆளுநர் ஸ்டீவ் புல்லக் அதே கட்சியில் அதே போட்டியில் நின்றவர். ஆளுநர் தேர்தலில் இருமுறை வென்றவர். ஆனால் அவர் முதல் டாலரிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அது மட்டுமன்று; மாநிலச் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடியட்டும் என்று காத்திருந்து மே மாதம்தான் அறிவித்தார். ஜூன் மாதம் நடந்த முதல் விவாத மேடையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. டிசம்பரில் விலகிக் கொண்டார். ஆளுநருக்கு ஆள வேண்டிய வேலை இருக்கிறது என்பதே அவருக்குப் பாதகமாயிற்று.

இது அநியாயம் என்று முதலில் நானும் நினைத்தேன். பிறகு காரணத்தைப் படித்தேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தேர்தல் நிதிச் சட்டம். டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் ஆளுநர் வேட்பாளருக்குத் தனிமனிதர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மத்தியச் சட்டமோ உச்சவரம்பு வைக்கிறது. 2024 தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் கொடுக்கலாம். வரம்பில்லாத குளத்திலிருந்து வரம்புள்ள வயலுக்கு மடையைத் திறந்துவிட்டால் வரப்பு எதற்கு? ஆகவே இந்த விதி சரியே என்ற முடிவுக்கு வந்தேன்.

350 டாலர் விதி

நான் நூலகத்தில் படித்த செய்தி இரண்டாவது விதியைப் பற்றியது. அதைப் புரிந்து கொள்ள, ஓய்வூதிய நிதி என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க மாநிலங்களில் பள்ளி ஆசிரியர், தீயணைப்பு வீரர், அலுவலக எழுத்தர், துப்புரவுப் பணியாளர் முதலானோரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் தொகையும் அரசு சேர்க்கும் தொகையும் ஒரு பெரும் நிதியாகத் திரள்கின்றன. மின்னசோட்டாவின் முதலீட்டு வாரியம் ஒன்று மட்டுமே 10,000 கோடி டாலருக்கு மேற்பட்ட நிதியைக் கவனித்துக் கொள்கிறது. அந்த நிதியை முதலீடு செய்து பெருக்கும் வேலையில் தனியார் நிறுவனங்களும் அமர்த்தப்படுகின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் கட்டணம் கொஞ்சநஞ்சமன்று. எந்த நிறுவனத்துக்கு வேலை என்று முடிவு செய்பவர் யார்? மின்னசோட்டாவில் அந்த வாரியத்தின் உறுப்பினர் நால்வர். ஆளுநர் அவர்களில் ஒருவர். இன்டியானாவில் அந்நிதியின் அறங்காவலர்களை நியமிப்பவர் ஆளுநர்.

இங்கேதான் மொய் நோட்டு திறக்கிறது. ஒரு நிறுவனத்தின் தலைவர் ஆளுநரின் தேர்தலுக்குத் தாராளமாகக் கொடுக்கிறார். ஆளுநர் வென்ற பின், ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் வேலை அந்த நிறுவனத்துக்குப் போகிறது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதாகச் சாட்சி இல்லை. மொய் வீட்டில் யார்தான் வாய்விட்டுக் கேட்கிறார்கள்?

இதைத் தடுக்க, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம் 2010 ஜூனில் ஒரு விதி செய்தது. முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தின் உயர் அலுவலர்கள், தாம் வாக்களிக்கக் கூடிய தேர்தலில், அத்தகைய அதிகாரம் உள்ளவருக்கு 350 டாலருக்கு மேல் கொடுத்தால் - வாக்கில்லாத தேர்தலானால் 150 டாலருக்கு மேல் கொடுத்தால் - அந்த நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த அரசின் நிதியிலிருந்து கட்டணம் பெற முடியாது. இன்றைய மதிப்பில் 350 டாலர் என்பது ஏறத்தாழ 30,000 ரூபாய். நகராட்சிக் கடன் பத்திரங்களை விற்கும் நிறுவனங்களுக்கு 1994லேயே இப்படி ஒரு விதி வந்துவிட்டது. அது செல்லும் என்று 1995இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்த விதி சும்மா முளைத்ததன்று. நியூயார்க் மாநிலத்தின் ஓய்வூதிய நிதிக்குத் தனி அறங்காவலராக இருந்த கணக்காயர் ஆலன் ஹெவெசி, அந்த நிதியை வைத்துச் சலுகை பெற்ற குற்றத்தை 2010இல் ஒப்புக்கொண்டார். 2011இல் சிறை சென்றார். ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் முதுமைக்காலச் சோறு அந்த நிதியில் இருந்தது.

விதியின் சிறப்பு என்னவென்றால், கொடுத்தவரின் உள்நோக்கத்தை அது கேட்பதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஃபியூஸ் கம்பியைப் போன்றது அது. அளவு மீறி மின்சாரம் ஓடினால் கம்பி உருகும். ஓட்டியவன் நல்லவனா கெட்டவனா என்று பார்க்காது. இந்த விதியின் கீழ் முதல் வழக்கு 2014இல் வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஒரு மேயர் வேட்பாளருக்கும் ஆளுநருக்குமாக 4,500 டாலர் கொடுத்திருந்தார். நிறுவனம் கட்ட நேர்ந்ததோ ஏறத்தாழ 3 இலட்சம் டாலர்.

ஆளுநர்கள் தரப்பு வாதம்

ஆளுநர் நாட்டுப் பதவிக்குப் போட்டியிட்டாலும் இந்த விதி அவரைத் தொடர்கிறது. ஓய்வூதிய நிதியின் சாவி அவர் இடுப்பில் இருக்கும் வரை தொடரும். 2016இல் மைக் பென்ஸ் இன்டியானா ஆளுநராக இருந்து கொண்டே துணை வேட்பாளரான போதும் இதே பேச்சு எழுந்தது. எதிரணித் துணை வேட்பாளர் டிம் கெய்ன் செனட்டர், அவருக்கு இல்லை. நிதி நிறுவனங்களின் தலைவர்கள்தாம் அமெரிக்கத் தேர்தல்களில் தாராளமாகக் கொடுப்பவர்கள். அந்தக் கதவு ஆளுநருக்கு மட்டும் சாத்தப்படுகிறது.

ஆளுநர்களுக்காகப் பேசுவோர் கேட்கிறார்கள்: வங்கிகளுக்கும் பங்குச் சந்தைக்கும் சட்டம் செய்பவர்கள் செனட்டர்கள் அல்லவா? அவர்கள் அதே கைகளிலிருந்து முழு உச்சவரம்பு வரை வாங்கலாம். ஆளுநர் 350 டாலருக்கு மேல் வாங்கினால் ஆபத்தா? மாநிலத்தை ஆளும் அனுபவம் உள்ளவர்களைப் பின்னுக்குத் தள்ளி, பேச மட்டும் தெரிந்தவர்களை முன்னுக்குக் கொண்டு வருகிறதே இந்த விதி?

வாதத்தில் வலு இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை. ஆளுநருக்கு விதியைத் தளர்த்துங்கள் என்கிறார்கள். நான் சொல்கிறேன்: தளர்த்த வேண்டாம், செனட்டருக்கும் அதைப் பூட்டுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுப் பணம்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஒரு சர்க்கரை ஆலையில் தொழிலாளி. நான் இக்கல்லூரியில் சேர்ந்த போது அரசுக் கட்டணம் குறைவுதான். ஆனால் விடுதிக்கு, புத்தகத்துக்கு, மாற்றுத் துணிக்கு, பேருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அப்பா தம் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்தார். வங்கியிலிருந்து பணத்தை வாங்கிக் கொண்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார்.

"இந்தப் பணம் இத்தனை வருஷமா யாருகிட்டப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும் தம்பி? மாசாமாசம் சம்பளத்துல புடிச்சாங்க. நல்லவங்க கையிலதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

நல்லவர் கையில்தான் இருந்திருக்கிறது, பணம் வந்தது, நான் படிக்கிறேன். ஆனால் அப்பாவின் அந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. மின்னசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவரும் இன்டியானாவில் பள்ளியைப் பெருக்குபவரும் அப்படித்தானே நினைத்துக் கொண்டிருப்பார்கள்? தம் பணம் எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அந்த நிறுவனத்துக்கு ஏன் அந்த வேலை கிடைத்தது என்று அவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்? அவர்களுக்காகக் கேட்கும் ஒரே வாய் அந்த 350 டாலர் விதிதான்.

மொய் வாங்கியவர் தம் வீட்டுப் பணத்தில் திருப்பிச் செய்தால் அது பண்பாடு. அடுத்தவர் வீட்டுப் பணத்தில் திருப்பிச் செய்தால் அதற்கு என்ன பெயர்? ஓய்வூதிய நிதி ஆளுநரின் வீட்டுப் பணமன்று. அதன் சாவியை வைத்திருக்கும் காலம் வரை, அந்தப் பெட்டியின் மேல் கண் வைத்திருப்பவர்களிடம் அவர் கை நீட்டக் கூடாது. பெரிய பதவிக்கான ஆசை அந்தக் கடமையைக் குறைத்துவிடாது, கூட்டவே செய்யும். இதனால் அவருக்குச் சில கோடி டாலர் குறையலாம். அது சாவி வைத்திருப்பதன் விலை.

திறந்து கிடக்கும் பெரிய வாசல்

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த விதியின் பெரிய ஓட்டையையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

2010 ஜூனில் அந்த 350 டாலர் கதவு சாத்தப்பட்டது என்றேன். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு அளித்தது. கம்பெனிகளும் சங்கங்களும் வேட்பாளர்களைச் சாராமல் தனியாகத் தேர்தலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்பது அதன் சாரம். மார்ச் மாதம் இன்னொரு நீதிமன்றம், அத்தகைய தனிக் குழுக்களுக்கு யாரும் எவ்வளவும் கொடுக்கலாம் என்றது. சூப்பர் பேக் எனப்படும் குழுக்கள் அங்கே பிறந்தன. உண்மையிலேயே தனித்து இயங்கும் சூப்பர் பேக்குக்குக் கொடுப்பதை 350 டாலர் விதி பொதுவாகத் தடுப்பதில்லை. ஒரே ஆண்டில் திட்டிவாசலுக்குப் பூட்டு, கோட்டை வாசலுக்குத் திறப்பு!

ஒரு மின்சுற்றில் ஃபியூஸ் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே தடித்த கம்பியை இணையாகக் கட்டினால் என்ன ஆகும்? மின்சாரம் கம்பி வழியே போய்விடும். ஃபியூஸ் உருகாமல் பத்திரமாக இருக்கும். முதலாம் ஆண்டு மாணவருக்கும் இது தெரியும்.

2023இல் நடந்ததைப் பாருங்கள். புளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். ஆளுநர் தேர்தலுக்காகத் திரட்டியதில் எஞ்சியிருந்த 8 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைத் தம் தேர்தல் கணக்குக்கு அவர் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பணம் அவரை ஆதரித்த சூப்பர் பேக் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் மேலே சொன்ன இரண்டு பெட்டி விதி என்ன ஆயிற்று? இது தகாது என்று புகார் எழுந்தது; ஆனால் பணம் போய்விட்டது. 351ஆவது டாலரைப் பிடிக்கும் வலையில் 8 கோடி டாலர் நழுவியது.

அந்தப் பெரிய வாசலாவது ஆளுநருக்கு நன்மை செய்ததா என்றால் அதுவும் இல்லை. டிசாண்டிஸ் 2024 ஜனவரியில் விலகினார். அவருக்கு முன்பே, 2015இல், விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஜூலையில் அறிவித்து செப்டம்பரில் விலகினார். அவரை ஆதரித்த சூப்பர் பேக் சுமார் 2 கோடி டாலர் திரட்டியிருந்தது. ஆனால் அந்தப் பணத்தில் விளம்பரம் செய்யலாமே தவிர, வேட்பாளரின் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. சொந்தக் கணக்கு வறண்டது, பயணம் நின்றது. பந்தலில் விருந்து, வீட்டு அடுப்பில் பூனை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிறு நன்கொடையாளர் பலரைச் சேர்த்தவரே விவாத மேடை ஏறலாம் என்று கட்சிகள் விதி வைத்தன. 2023இல் குடியரசுக் கட்சி கேட்டது 40,000 பேர். வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம் செல்வந்தர். ஒரு டாலர் நன்கொடை கொடுப்பவருக்கு 20 டாலர் பரிசு அட்டை தருவதாக அவரது குழு அறிவித்தது. அவர் மேடையும் ஏறினார். ஒரு ரூபாய் மொய் எழுதினால் இருபது ரூபாய்க்குத் தாம்பூலப் பை! ஏழையின் ஒரு ரூபாய்க்கு மதிப்பளிக்கச் செய்த விதியும் பணக்காரர் கையில் இப்படி ஆயிற்று.

மான்டானாவின் பாடம்

புல்லக் அவர்களிடம் மறுபடி வருகிறேன். அவருடைய மான்டானா மாநிலத்தில் 1899இல் தாமிரச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க், சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்து செனட் பதவியை வாங்கினார். விசாரணை வந்ததும் 1900இல் விலகினார். அந்த அவமானத்தை மறக்காத மக்கள் 1912இல் தாங்களே வாக்களித்து, தேர்தலில் கம்பெனிப் பணத்தைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அது நூறு ஆண்டு நின்றது. 2012 ஜூனில் உச்சநீதிமன்றம், மறுபடியும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அதை வீழ்த்தியது. அந்தச் சட்டத்தைக் காக்க மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக நின்று வாதாடியவர் ஸ்டீவ் புல்லக். பிறகு ஆளுநரானார். பிறகு, தேர்தலில் பணத்தின் ஆட்சியை ஒழிப்பேன் என்று சொல்லிக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றார். பண விதிகளும் பணப் பற்றாக்குறையும் அவரையே முந்தின.

இதைப் படித்த போது எனக்கு மனம் கனத்தது. ஆனாலும் விதிகளின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல விதி பாதியில் நிற்பதுதான் கோபத்துக்குரியது. பாதி விதி, நேர்மையாக நடப்பவனை மட்டுமே தண்டிக்கிறது.

முழு விதி எப்படி இருக்கும்? அதற்கும் அந்நாட்டின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974இல் செய்த திருத்தங்களின்படி, 1976இல் முதன்முறையாகக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பொதுப்பணம் தரப்பட்டது. வருமான வரிப் படிவத்தில் மக்கள் தாமே குறியிட்டு ஒதுக்கிய ஒவ்வொரு டாலரும் சேர்ந்து உண்டான நிதி அது. உட்கட்சிப் போட்டியில் ஒருவர் கொடுத்த நன்கொடையில் முதல் 250 டாலர் வரை அரசு ஈடாகச் சேர்த்தது. இறுதிப் போட்டியில் இரு பெரும் கட்சியினருக்கும் தலா 2 கோடியே 18 இலட்சம் டாலர் கிடைத்தது. நாடறியாத முன்னாள் ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அந்த ஆண்டில்தான் வென்றார். 2000இல் இளைய புஷ் உட்கட்சிப் போட்டியில் அந்தப் பணத்தை வேண்டாம் என்றார். 2008இல் ஒபாமா இறுதிப் போட்டியில் வேண்டாம் என்றார். வெளியில் அதைவிட அதிகம் கிடைத்தது. 2012 முதல் பெரும் கட்சிகளின் வேட்பாளர் எவரும் இறுதிப் போட்டிக்கு அதைத் தொடவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். ஆளுநருக்குள்ள 350 டாலர் விதி இருக்கட்டும். வங்கிச் சட்டங்களைச் செய்யும் குழுக்களில் அமர்ந்திருக்கும் செனட்டருக்கும் அது போன்ற விதி வரட்டும். சூப்பர் பேக்குக்கும் அதே அளவுகோல் பொருந்தட்டும். பொதுப்பணம் மீண்டும் போதுமான அளவில் கிடைக்கட்டும். அப்போது ஆளுநரும் செனட்டரும் ஒரே கோட்டில் நின்று ஓடலாம். கோட்டைச் சரிசெய்வதற்காகக் காவலை எடுத்துவிடாதீர்கள்.

துளசேந்திரபுரத்துக் கோயில் சுவரை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அங்கே கொடுத்தவர் பெயர் வெயிலில் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கொடுத்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவர் யாருமில்லை. சூப்பர் பேக்குக்குக் கொடுப்பவர் பெயரும் வெளியாக வேண்டும் என்றுதான் சட்டம். ஆனால் இடையில் ஒரு சங்கத்தின் பெயரை நிறுத்தி, அந்தச் சங்கத்துக்குக் கொடுத்தவர் மறைந்து கொள்ளலாம். கல்வெட்டு போல் தோற்றம். உள்ளே மொய் நோட்டு.

அன்பு நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலிருந்து முதல்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் பெற்றோர் தம் உழைப்பின் பணத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, நல்லவர் கையில் இருக்கும் என்று நம்பியே வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு எழுத்து கிடைத்திருக்கிறது; நூலகம் கிடைத்திருக்கிறது. எந்த நாட்டுத் தேர்தலானாலும், எந்தப் பெரிய மனிதரானாலும், யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எவர் பணத்தில் அது திரும்பி வரப் போகிறது என்று கேட்கப் பழகுவோம். அப்பாவிடம் அன்று நான் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அப்பா அல்லர். சாவி வைத்திருப்பவர்தாம்.